ஆறாவது வாரத்தில் வரும் சச்சரவு

பாலக்காடு மாவட்டம் கஞ்சிக்கோட்டில் உள்ள ஓர் ஆலையில் புதிய பேக்கிங் லைன் நிறுவும் பணிக்கு முதன்முறையாகத் தலைமை ஏற்றிருக்கும் இளம் பொறியாளர் ஒருவர் தம் நிலைமையை விவரித்துக் கேட்டிருக்கிறார். குழுவில் ஒன்பது பேர். நால்வர் பாலக்காட்டு மலையாளிகள். மூவர் கேரள எல்லையோர ஊர்களான கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழர்கள். இருவர் கோவையிலிருந்து வாளையாறு தாண்டி நாள்தோறும் வந்து போகிறவர்கள். ஜூன் முதல் வாரத்தில் தொடங்கிய பணி நவம்பர் இறுதியில் முடிய வேண்டும். முதல் மாதம் எல்லாரும் மரியாதையாக இருந்தார்கள். எதைச் சொன்னாலும் ‘சரி சார்’ என்றார்கள். ஆறாவது வாரத்திலிருந்து கூட்டத்துக்குக் கூட்டம் சச்சரவு. மெக்கானிக்கல் பார்ப்பவரும் எலக்ட்ரிக்கல் பார்ப்பவரும் நேருக்கு நேர் பேசுவதில்லை. ‘பயிற்சி வகுப்பில் குழுவின் வளர்ச்சி நிலைகள் என்று சொன்னது இதுதானா? நான் எங்கே தவறினேன்? அந்த இருவரையும் மாற்றிவிடலாமா?’ என்பன அவருடைய கேள்விகள்.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். கோவைக்கும் பாலக்காட்டுக்கும் இடைப்பட்ட ஆலைகளில் இயந்திரம் நிறுவும் குழுக்களுடன் இருபத்தேழு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன். முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன்: அந்த இருவரையும் மாற்ற வேண்டாம். தவறு ஒன்று நடந்திருக்கிறது. ஆனால் அது ஆறாவது வாரத்தில் நடந்ததன்று, முதல் வாரத்தில் நடந்தது. அதை இப்போதும் சரிசெய்யலாம்.

பயிற்சி வகுப்பில் நீங்கள் கேட்டது புரூஸ் டக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1965இல் வெளியிட்ட வரிசை. அவர் ஏதோ ஒரு குழுவை உட்கார்ந்து கவனித்து அதை எழுதவில்லை. அதுவரை சிறு குழுக்களைப் பற்றி வெளிவந்திருந்த 50 ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டிப் படித்து, அவற்றில் திரும்பத் திரும்பத் தென்பட்ட ஒழுங்கை நான்கு நிலைகளாக வகுத்தார். ஃபார்மிங், ஸ்டார்மிங், நார்மிங், பர்ஃபார்மிங் என்று ஓசை ஒத்த சொற்களாக அமைந்ததால் அவை உலகெங்கும் பயிற்சி வகுப்புகளில் நிலைத்துவிட்டன. சேர்தல், மோதல், இசைதல், இயங்குதல் என்று நான் தமிழில் சொல்லி வந்திருக்கிறேன். 1977இல் மேரி ஆன் ஜென்சன் என்பவருடன் சேர்ந்து, பிரிதல் என்ற ஐந்தாவது நிலையையும் டக்மன் சேர்த்தார்.

வகுப்பில் பெரும்பாலும் சொல்லாமல் விடுகிற செய்தி ஒன்று உண்டு. அந்த 50 கட்டுரைகளில் பெரும் பங்கு உளச்சிகிச்சைக்காகவும் மனிதத் தொடர்புப் பயிற்சிக்காகவும் கூட்டப்பட்ட குழுக்களைப் பற்றியவை. கெடு வைத்து, பணம் ஒதுக்கி, ஒரு வேலையை முடிப்பதற்கென்று கூட்டப்பட்ட குழுக்கள் அவற்றில் குறைவு. இந்தக் குறையை டக்மனே அந்தக் கட்டுரையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே அந்த வரிசையைப் பஞ்சாங்கம்போல வைத்துக்கொண்டு ‘நான்காம் வாரம் மோதல், எட்டாம் வாரம் இசைவு’ என்று எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. புதியவர்கள் சேர்ந்தால் முதலில் அடக்கமாக இருப்பார்கள், பிறகு முரண்படுவார்கள், முரணைத் தீர்த்துக்கொண்டால்தான் ஒன்றாக இயங்குவார்கள் என்ற அளவில் அது உண்மை. என் அனுபவத்தில் அந்த அளவு உண்மையே போதுமானதாக இருந்திருக்கிறது.

இனி உங்கள் முதல் மாதத்துக்கு வருவோம். ‘எதைச் சொன்னாலும் சரி சார் என்றார்கள்’ என்று மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறீர்கள். நம் எல்லைப்புறத்தில் அந்தச் சொல்லைக் கவனமாகக் கேட்க வேண்டும். தமிழில் ‘சரி’ என்பது ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்றும் பொருள்படும்; ‘நீங்கள் சொன்னது காதில் விழுந்தது’ என்றும் பொருள்படும்; ‘பேச்சை முடித்துக்கொள்வோம்’ என்றும் பொருள்படும். மலையாளி நண்பர் ‘நோக்காம் சாரே’ என்று சொல்லும்போது, நம் ஊர் ‘பார்க்கலாம்’ போலவே, அதில் வாக்குறுதி ஏதும் இல்லாமல் இருக்கலாம். கூட்டம் மலையாளத்தில் வேகமாக நடக்கும்போது கோவையிலிருந்து வருகிறவர் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் தலையாட்டுவார். தமிழில் நடந்தால் பாலக்காட்டுக்காரருக்கு எல்லாம் புரியும், ஆனால் தம் ஐயத்தை அந்த மொழியில் வாதாடி நிறுவ அவருக்குத் தயக்கம் இருக்கும். இரண்டு மொழியும் தெரிந்த நம் கொழிஞ்சாம்பாறைப் பிள்ளைகளோ, யார் பக்கமும் பேசியதாகப் பெயர் வந்துவிடக் கூடாது என்று வாயை மூடிக்கொள்வார்கள். சேர்தல் நிலை எல்லாக் குழுவிலும் அமைதியாகத்தான் இருக்கும். நம் பக்கத்துக் குழுக்களில் அந்த அமைதி இன்னும் அடர்த்தியானது. அதை இசைவு என்று எடுத்துக்கொண்டதுதான் நீங்கள் செய்த தவறு.

நானும் அதே தவற்றைச் செய்து பாடம் கற்றவன். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆலையில் கனமான இயந்திரம் ஒன்றை இறக்க வேண்டியிருந்தது. கோவையிலிருந்து வந்த எங்கள் குழுவினர், இயந்திரம் விற்ற நிறுவனத்தின் ஆட்களே கிரேன் வைத்து இறக்கிக்கொள்வார்கள் என்ற கணக்கில் தேதி குறித்துவிட்டார்கள். கேரளத்தில் சுமைத் தொழிலாளர்களுக்கென்று 1978ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. எந்த வேலை யாருக்கு உரியது, கூலி என்ன என்பதை முன்கூட்டியே பேசி முடிவுசெய்வது அவசியம். குழுவில் இருந்த பாலக்காட்டு நண்பருக்கு இது நன்றாகத் தெரியும். மூன்று கூட்டங்களில் அவர் இருந்தார். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. லாரி வாசலில் இரண்டு நாள் நின்ற பிறகு, ‘ஏன் முன்பே சொல்லவில்லை?’ என்று கேட்டேன். ‘யாரும் என்னிடம் கேட்கவில்லையே, சார். புதிதாக வந்தவன் குறுக்கே பேசுகிறான் என்று நினைப்பீர்களே’ என்றார். தொழிலாளர் தலைவர்கள் நியாயமாகவே பேசினார்கள். அரை மணி நேரத்தில் முடிந்த பேச்சு அது. அந்த அரை மணி நேரத்தை மூன்று வாரம் முன்னால் செலவழித்திருக்க வேண்டியது என் பொறுப்பு.

முதல் வாரத்திலேயே ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, ‘இந்த வேலையில் எது தடுமாறும் என்று நினைக்கிறீர்கள்?’ என்று கேட்டிருந்தால், இப்போது எழுந்திருக்கும் சண்டையில் பாதி அப்போதே, குரல் உயராமல் நடந்து முடிந்திருக்கும். ‘ஏதேனும் ஐயம் உண்டா?’ என்று பொதுவில் கேட்டால் பதில் வராது. எது தடுமாறும் என்று கேட்டால், குறை சொன்ன பழி இல்லாமல் அனுபவத்தைச் சொல்ல இடம் கிடைக்கிறது. இப்போது ஆறாவது வாரமானாலும் அதை நீங்கள் செய்யலாம், செய்யத்தான் வேண்டும். அவரவருக்கு வாய்த்த மொழியில், தேநீர் குடிக்கும் நேரத்தில், ஒன்பது பேரிடமும் கேளுங்கள். சண்டை போடும் இருவரிடம் மட்டும் பேசினால் மற்ற ஏழு பேரும் பார்வையாளர்களாகிவிடுவார்கள்.

அடுத்து, அந்தச் சண்டை எதைப் பற்றியது என்று பிரித்துப் பாருங்கள். வேலையைப் பற்றிய கருத்து வேறுபாடு, ஆளைப் பற்றிய கசப்பு, யார் எதை எப்போது செய்வது என்ற முறை பற்றிய தகராறு என்று குழு மோதல்களை ஆய்வாளர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள். கேரன் ஜென் என்பவர் 1990களில் இந்தப் பகுப்பைத் தெளிவாக்கினார். நீங்கள் எழுதியதைப் படித்தால், பொருள்களை நகர்த்தும் கன்வேயரின் தாங்கிகளுக்கு இடம் இறுதியாகுமுன், மின்கம்பிகளைத் தாங்கும் கேபிள் ட்ரேயைப் போட்டுவிட்டார்கள், பிறகு தாங்கி நகர்ந்ததால் ட்ரேயைக் கழற்ற வேண்டியதாயிற்று என்று தெரிகிறது. இது மூன்றாம் வகை. லேஅவுட்டை, அதாவது எது எங்கே என்ற இட அமைப்பை, எந்த நாளில் இறுதியாக்குவது, அதன் பிறகு மாற்ற வேண்டுமானால் யார் கையொப்பமிடுவது என்பதை எவரும் தீர்மானிக்கவில்லை. அந்த வெற்றிடத்தில் இரண்டு நல்ல வேலைக்காரர்கள் மோதிக்கொண்டார்கள். நாளடைவில் அது ‘அவன் என்னை மதிப்பதில்லை’ என்ற கசப்பாக, அதாவது இரண்டாம் வகையாக, மாறிக்கொண்டிருக்கிறது. அந்த மாற்றம் முற்றுப்பெறுமுன் நீங்கள் குறுக்கிட வேண்டும்.

எப்படிக் குறுக்கிடுவது என்பதில் நான் உறுதியான கருத்து உடையவன். முறை பற்றிய தகராறில் தலைவர் ‘நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்’ என்று ஒதுங்குவது பெருந்தன்மை போலத் தோன்றும், அது கைகழுவுதல். இருவரையும் தளத்துக்கு அழைத்துச் சென்று, வரைபடத்தைத் தரையில் விரித்து, எந்தத் தாங்கி எந்த நாளில் இறுதி என்று அங்கேயே எழுதி, அதை நீங்களே அறிவியுங்கள். அது உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டது. மாறாக, வேலையைப் பற்றிய கருத்து வேறுபாட்டில், எடுத்துக்காட்டாக இயந்திரத்தைத் தரையோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட்டை முன்பே பதித்து கான்கிரீட் போடுவதா, பிறகு துளையிட்டு இரசாயனக் கலவையால் பொருத்துவதா என்ற கேள்வியில், உங்கள் தீர்ப்பை முதலில் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் வாய் திறந்த கணமே மீண்டும் ‘சரி சார்’ வந்துவிடும். இளையவரிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராகப் பேசவிட்டு, கடைசியாக நீங்கள் பேசுங்கள். ஆள் பற்றிய கசப்பைக் கூட்டத்தில் எடுக்கவே கூடாது. அது தனி அறையில், ஒருவருக்கு ஒருவர், முடிந்தால் சாப்பிட்ட பிறகு பேச வேண்டியது.

பாலக்காட்டுக் கல்பாத்தியில் தேர் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒன்று விளங்கும். வடம் பிடிக்கும் நூற்றுக்கணக்கானோர் தேரை முன்னோக்கி இழுக்கிறார்கள்; ஆனால் சக்கரத்தின் கீழ் முட்டுக்கட்டை போடுகிறவர்தான் அதை நிறுத்துகிறார், தெரு முனையில் திருப்புகிறார். பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை என்றால் தடை என்று மட்டும் பொருளாகிவிட்டது. உங்கள் எலக்ட்ரிக்கல்காரர் ‘தாங்கி இறுதியாகாமல் இனி ஓர் அடி கேபிளும் இழுக்க மாட்டேன்’ என்றாரே, அது பிடிவாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். தொழில் தெரிந்தவர் போட்ட முட்டுக்கட்டையாக அதை நான் பார்க்கிறேன். அவர் அதைச் சொன்ன விதம் கரடுமுரடாக இருந்திருக்கலாம். சொன்ன பொருள் சரியானது.

அந்த இருவரை மாற்றும் யோசனையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்பது பேர் குழுவில் இருவர் இருவராக எண்ணினால் 36 உறவுகள் இருக்கின்றன. இருவரை நீக்கிப் புதிதாக இருவரைக் கொண்டுவந்தால் அந்த 36இல் 15 உறவுகள் அறுந்து, 15 புதிதாகத் தொடங்கும். ‘இவர்களும் இருக்கட்டும், துணைக்கு இருவரைச் சேர்ப்போம்’ என்றால் எண்ணிக்கை 55 ஆகும். அதாவது 19 புதிய உறவுகள். ஒவ்வொன்றும் சேர்தலிலிருந்து தொடங்கி, அடக்கத்தையும் முரணையும் கடந்துதான் வர வேண்டும். ஆறு மாதத் திட்டத்தில் ஆறு வாரம் கடந்த பிறகு அந்த விலையைக் கொடுக்கக் கூடாது. பாதுகாப்பு விதிகளை மீறுகிறவரையும் பொய்க் கணக்கு எழுதுகிறவரையும் எந்த வாரத்திலும் மாற்றலாம், அது வேறு. சண்டை போடுகிறார் என்பதற்காக மட்டும் மாற்றினால், எஞ்சியிருக்கும் ஏழு பேருக்கும் ‘வாய் திறந்தால் வெளியே’ என்ற செய்தி போய்ச் சேரும். அதன் பிறகு உங்கள் காதுக்கு உண்மை எட்டாது.

இந்த இடத்தில் ஏமி எட்மன்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைகளில் கண்டதைச் சொல்ல வேண்டும். நன்றாக இயங்கும் செவிலியர் குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துத் தொடங்கினார். பதிவான எண்ணிக்கையோ அந்தக் குழுக்களில்தான் கூடுதலாக இருந்தது. ஆராய்ந்ததில், அவர்கள் தவறுகளை அதிகம் செய்யவில்லை, செய்த தவற்றை அஞ்சாமல் சொன்னார்கள் என்ற விளக்கம் கிடைத்தது. பின்னர் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து 1999இல் அவர் வெளியிட்ட கட்டுரையும், பேசினால் அவமானப்பட மாட்டோம் என்ற நம்பிக்கை உள்ள குழுக்களே கற்றுக்கொள்கின்றன என்று காட்டியது. உங்கள் வாரக் கூட்டத்தில் சிக்கல் எதுவும் சொல்லப்படாத வாரம் வந்தால், அந்த வாரத்தில்தான் நீங்கள் தளத்தை அதிகம் சுற்றிப்பார்க்க வேண்டும்.

மோதல் தணியும்போது குழு தனக்கென்று வழக்கங்களை உண்டாக்கிக்கொள்ளும். அதுவே இசைதல். தலைவர் எழுதி ஒட்டிய விதிகளைவிட, குழுவே ஒரு தொல்லையை அனுபவித்துவிட்டு ஏற்படுத்திய வழக்கம் நீடிக்கும். நம் பக்கத்துக் குழுக்களில் இரண்டு வழக்கங்கள் மிகவும் பயன்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஒன்று, கூட்டம் எந்த மொழியில் நடந்தாலும் முடிவுகளை இறுதியில் இரண்டு மொழியிலும் ஒருவர் வாய்விட்டுத் திரும்பச் சொல்வது. அந்த வேலையைக் கொழிஞ்சாம்பாறைப் பிள்ளைகளில் ஒருவரிடம் கொடுங்கள். இரு பக்கமும் தெரிந்தவர் என்பதால் ஒதுங்கி நின்ற ஒருவருக்கு, அதே காரணத்தால் குழுவில் ஓர் இடம் கிடைக்கும். மற்றொன்று, விடுமுறைக் கணக்கு. பாலக்காட்டுக்காரருக்கு ஓணம் விட முடியாதது; கோவைக்காரருக்குத் தீபாவளி விட முடியாதது; எங்கள் ஊர்க்காரருக்கு இரண்டும் உண்டு. இரண்டு பண்டிகையும் உங்கள் ஆறு மாதத்துக்குள் வருகின்றன. ஓணத்தில் இவர் பார்த்துக்கொள்வார், தீபாவளியில் அவர் பார்த்துக்கொள்வார் என்று குழுவே உட்கார்ந்து எழுதிக்கொள்ளட்டும். நீங்கள் எழுதிக் கொடுத்தால் அது உத்தரவு. அவர்கள் எழுதிக்கொண்டால் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் உதவி. சண்டையிட்ட இருவர் முதன்முதலாக விட்டுக்கொடுப்பதை நான் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் பார்த்திருக்கிறேன்.

ஓணத்துக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. கானி கெர்சிக் என்பவர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், கெடுவுடன் கூடிய எட்டுக் குழுக்களைத் தொடக்கம் முதல் முடிவு வரை கவனித்தார். சில நாட்களில் முடிந்த குழுவும் உண்டு, சில மாதங்கள் நீடித்த குழுவும் உண்டு. அவை படிப்படியாக வளரவில்லை. முதல் கூட்டத்தில் பிடித்த போக்கிலேயே பாதி நாள் ஓடின. கொடுத்த காலத்தின் ஏறக்குறைய நடுப்பகுதி வந்ததும் ஒரு பதற்றம் எழுந்து, பழைய போக்கை உதறிப் புதிய வேகம் கொண்டன. டக்மன் சொன்ன வரிசையைக் காட்டிலும் இது என் அனுபவத்துக்கு நெருக்கமானது. உங்கள் பணிக்கு நடுப்பகுதி ஆகஸ்ட் இறுதி. ஏறத்தாழ ஓணக் காலம். விடுமுறை முடிந்து எல்லாரும் திரும்பும் முதல் நாளை வழக்கமான வாரக் கூட்டமாக விட்டுவிடாதீர்கள். அரை நாள் ஒதுக்கி, எஞ்சியுள்ள மூன்று மாதங்களை முதலிலிருந்து திட்டமிடுங்கள். அட்டவணையில் எதை உடைக்கலாம், எதை விட்டுவிடலாம் என்று கேளுங்கள். குழு மாற்றத்துக்குத் தானாகவே ஆயத்தமாக இருக்கும் அந்த நாளைத் தவறவிட்டால், பின்னர் தள்ளித் தள்ளித்தான் நகர்த்த வேண்டியிருக்கும்.

இயங்கும் நிலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அப்போது குழுவுக்கு உங்கள் அறிவுரை தேவைப்படாது. உங்கள் காவல்தான் தேவைப்படும். மேலிடத்திலிருந்து நாளுக்கு மூன்று அறிக்கை கேட்பவர்களை நீங்கள் எதிர்கொள்ளுங்கள், வராத உதிரிபாகத்துக்கு நீங்கள் தொலைபேசியில் அலையுங்கள், வேலையில் தலையிடாதீர்கள். ஜூன் மாதத்தில் விவரமாக உத்தரவிட்ட அதே பழக்கத்தை அக்டோபரிலும் தொடர்ந்தால், நன்றாக இயங்கும் குழுவே மீண்டும் ‘சரி சார்’ குழுவாகிவிடும்.

ஒன்றை மட்டும் எதிர்பார்த்திருங்கள். டிரையல் ரன் தொடங்கும்போது புரொடக்ஷன் பிரிவின் ஷிப்ட் இன்சார்ஜும் மெயின்டெனன்ஸ் ஆட்களும் உள்ளே வருவார்கள். அவர்கள் வந்த மறுநாளே பழைய சச்சரவு மீண்டும் தலைதூக்கும். நான்கு மாத உழைப்பு வீணாயிற்றோ என்று தோன்றும். குழுவில் ஆட்கள் கூடியிருக்கிறார்கள், ஆகவே குழுவும் புதிது. ஓட்டப்போகிறவர் கேட்கும் குறைகளை நிறுவியவர்கள் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்வார்கள். அதனால் அக்டோபர் வரை காத்திராமல், அந்த ஷிப்ட் இன்சார்ஜை ஓணத்துக்குப் பிந்தைய அரை நாள் கூட்டத்துக்கே அழைத்துவிடுங்கள். அவருடைய முரண்பாடுகள், வேலை இரும்பில் அமையுமுன், தாளில் இருக்கும்போதே வெளிவரட்டும்.

பிரிதலை ஏறக்குறைய எல்லாத் தலைவர்களும் புறக்கணிக்கிறார்கள். நவம்பர் நடுவில், ஐப்பசி முடிவில் கல்பாத்தித் தேர் வரும் நாட்களில், உங்கள் குழுவினர் மனத்தளவில் அடுத்த இடத்துக்குப் போகத் தொடங்கியிருப்பார்கள். எஞ்சிய சில்லறை வேலைகள், அதாவது தளர்ந்த க்ளாம்ப், பெயர் ஒட்டாத பேனல், திருத்தி வரையாத வயரிங் படம் ஆகியவை அந்த இரண்டு வாரத்தில்தான் அநாதையாகும். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு பெயரும் தேதியும் இருக்கட்டும். திருத்திய வரைபடங்களை அவற்றை வரைந்தவரே மெயின்டெனன்ஸ்காரர் கையில் கொடுத்து, இயந்திரத்தின் அருகில் நின்று விளக்கட்டும். கேபிள் ட்ரேக்காகச் சண்டையிட்ட உங்கள் இருவரையும் அந்த விளக்கத்துக்குச் சேர்ந்தே அனுப்புங்கள். எந்தத் தாங்கி ஏன் நகர்ந்தது, ட்ரே ஏன் அந்த வளைவில் போகிறது என்பது அவர்கள் இருவருக்கு மட்டுமே முழுமையாகத் தெரியும். பின்னாளில் அந்த லைன் நள்ளிரவு ஷிப்டில் நின்றுபோகும்போது அங்கே இருக்கப்போகிறவருக்கு அந்த விவரம் தேவைப்படும்.